கோட்டைக்குள் ஒரு கல்யாணக் கோயில்

அம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலேறிப் போய், கோட்டையில் 33 வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பக்கத்துப் புனித மேரி தேவாலயத்தில் போய் உட்காருவேன். உள்ளே குளுமையாக இருக்கும். பீரங்கிக் குண்டைத் தாங்குவதற்காகக் கூரையை அவ்வளவு கனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

1680 அக்டோபர் 28-ல் திறப்பு. ஒரே வாரத்தில், நவம்பர் 4-ல், முதல் கல்யாணம். மாப்பிள்ளை எலிஹு யேல். பெண் கேத்தரின் ஹின்மர்ஸ், கணவரை இழந்தவர். யேல் பிறகு கவர்னரானார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான். 1753 பிப்ரவரி 18-ல் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கெலினைக் கைப்பிடித்ததும் இங்கேதான்.

வருகிறவர்களெல்லாம் கிளைவைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கோ, அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்த ஜெர்மன் பாதிரியார் ஃபப்ரிசியஸ் மேல்தான் கண். பைபிளைத் தமிழாக்கியவர், 1779-ல் வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சிட்டவர். அந்த அச்சு இயந்திரம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1761-ல் ஆங்கிலேயர் எங்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அள்ளிக்கொண்டு வந்தது! பீடத்தின் மேலிருக்கும் கடைசி இராப்போஜன ஓவியமும் அப்படி வந்ததுதான் என்பார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் பாடம் படித்தவனுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? பிரெஞ்சுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1746-ல் சென்னையைப் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்தவர்கள்தான்.

ஓய்வுக்குப் பின் ஒருநாள் என் மனைவியை அழைத்துப் போய் அந்த ஓவியத்தைக் காட்டினேன். அவளும் புதுச்சேரிக்காரிதான்.

"நம்ம ஊர்ப் படமா? இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்த்தீங்களே, ஒரு மனு எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.