தராசு சொல்லும் செய்தி

மேற்கே நெல்வயல், கிழக்கே கல்முனைக் கடல். இவ்விரண்டிற்கும் இடையில் முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் நற்பிட்டிமுனை. சோறும் மீனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இப்படிப்பட்ட ஊர்களில் பிள்ளைகள் மெலிந்திருக்கக் காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் வறுமை என்பார்கள். அது பாதி உண்மைதான்.

இலங்கையின் தாய்சேய் நலச் சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. மலேரியா ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டுபோன 1935ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 263 பேர் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதரும், தடுப்பூசியும், இலவச வைத்தியமும், பெண்கல்வியும் சேர்ந்து சாதித்தது இது. செல்வந்த நாடுகள் பலவும் வியந்து பார்த்த சாதனை.

ஆனால் பிள்ளைகளைச் சாவிலிருந்து மீட்ட அளவுக்கு அவர்களை நாம் வளர்த்தெடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையற்றவர்கள். இந்த இரண்டாவது எண்ணே என்னை உறுத்துவது. 15 வீதத்தைத் தொட்டால் அது மிகத் தீவிரமான நிலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சிசு மரணம் இவ்வளவு குறைந்த நாடொன்றில் மெலிவு இவ்வளவு கூடியிருப்பது ஆய்வாளரை நெடுங்காலமாகக் குழப்பிவரும் புதிர்.

புதிரின் ஒரு முனை கருவறையிலேயே இருக்கிறது. அதே ஆய்வில் ஏறத்தாழ 16 வீதமான குழந்தைகள் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தனர். இரத்தச்சோகையோடும் மெலிந்த உடலோடும் கருவுறும் பெண், தனது குறையைப் பிள்ளைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறாள். கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது நிறையும் வரையிலான ஏறத்தாழ 1000 நாட்களில் மூளை வளரும் வேகம் பின்னர் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. பிள்ளை முன்பள்ளிப் படியேறும்போது ஆசிரியை காணும் மந்தத்தின் வேர், பல வேளைகளில் அந்த நாட்களில்தான் இருக்கும்.

அரசாங்கத்தின் விடை திரிபோஷா. 1973இல் தொடங்கிய இந்தத் திட்டம், சோளமும் சோயாவும் கலந்த சத்துமாவைக் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாக வழங்குகிறது. நல்ல திட்டம். ஆனால் பொதி வீட்டுக்கு வந்ததும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால், வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் கை நீட்டும். எந்தத் தாய் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விரட்டுவாள்? 2022இன் பொருளாதார நெருக்கடியில் அந்தப் பொதியும் தடைப்பட்டது. சோளம் போதவில்லை, கிடைத்த சோளத்தில் அஃப்லரொக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு பற்றிய பிரச்சினை வேறு. மிக இளம் பிள்ளைகளுக்கான மா கிடைக்காமற்போன மாதங்களில் முட்டையின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று.

செய்தித்தாள் உலகில் பல்லாண்டு கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சாவு செய்தியாகும், வளராமை செய்தியாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை உலகமே அறிந்தது. உரிமை கோரியவர்கள் பலர் என்று செய்திகள் பறந்தன. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனையே பெற்றோரைக் காட்டியது. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி நடந்த உண்ணாவிரதமும், அதற்கெழுந்த எதிர்ப்பும் முதற்பக்கங்களை நிறைத்தன. எல்லை எங்கே என்பது பெரிய கேள்விதான்; அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் மேலேறாமல் கிடக்கும் கோட்டுக்கு, தாய் எந்தச் செயலகத்தைச் சேர்ந்தவள் என்பது தெரியாது. பள்ளிவாசல் பக்கத்துப் பிள்ளைக்கும் கோயில் பக்கத்துப் பிள்ளைக்கும் அது ஒரே கோடுதான்.

செய்யத்தக்கவை கடினமானவையல்ல. திருமணமான இளம்பெண்ணின் இரத்தச்சோகையைக் கருவுறுமுன்பே கண்டு தீர்க்கவேண்டும். ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துப் பசியாற்றும் வழக்கத்தை விட்டு, நன்றாக மசித்த சோறு, பருப்பு, கீரை, முள் நீக்கிய சிறுமீன் என்று பழக்கவேண்டும். பாட்டிமாரும் தகப்பன்மாரும் சேர்ந்து கேட்கும்படி அதைச் சொல்லவேண்டும். தாயை மட்டும் அழைத்துச் சொல்லிப் பயனில்லை. பல வீடுகளில் சந்தைக்குப் போகும் பணம் அவள் கையில் இருப்பதில்லை.

டோஹாவிலும் இலண்டனிலும் டொரொண்டோவிலும் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைவும் மண்டபமும் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குமுன் உங்கள் ஊர் மருத்துவமாதிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாதம் எத்தனை பிள்ளைகளின் நிறை கூடவில்லை? அவர் சொல்லும் எண்ணிக்கை அநேகமாக ஓர் ஊரால் தாங்கக்கூடியதாகவே இருக்கும். நாளுக்கொரு முட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்டபத்தின் ஒரு தூணுக்கான செலவுகூட ஆகாது.