ஒற்றைச் சாட்சி

தமிழில் 'நாற்றம்' என்னும் சொல் பண்டைக் காலத்தில் நறுமணத்தையே குறித்து நின்றது. பூவின் நாற்றம் என்றால் பூவின் மணம் என்பது பொருள். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சொல் அப்படியே இருக்க, அது சுட்டும் பொருள் மாறிவிட்டது. நம் வீடுகளில் புழங்கும் மணப்பொருள்களின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. அத்தர், ஊது, சாம்பிராணி, ஊதுவத்தி என்பவை நம் பாட்டனார் காலத்துப் பெயர்கள்தாம். ஆனால் அப்பெயர்களைத் தாங்கி இன்று புட்டியிலும் பொட்டலத்திலும் வந்து சேர்பவை பெரும்பாலும் அன்றிருந்த பொருள்கள் அல்ல.

நறுமணமே ஆகாது என்று சொல்ல நான் இதனை எழுதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை மிகவும் விரும்பினார்கள். எவரேனும் அன்பளிப்பாகத் தந்தால் அதனை மறுப்பதில்லை. ஜும்ஆ நாளில் குளித்துத் தூய ஆடை அணிந்து மணம் பூசிச் செல்வது நமக்குச் சுன்னத்தாகும். அதே பெருமானார்தாம், பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார்கள். தொழுகையில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவரின் மூச்சுக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை இதனால் உணர்கிறோம். நறுமணம் சுன்னத்து என்பதை நினைவில் வைத்திருக்கும் நாம், இந்த உரிமையை நினைவில் வைத்திருக்கிறோமா?

கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளுக்கு அரபியும் தமிழும் கற்பித்து வருகிறேன். பெருநாள் நெருங்கும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஹஜ்ரத், இந்த செண்டில் ஆல்கஹால் கலந்திருக்கிறதாமே, பூசிக்கொண்டு தொழலாமா?" என்பார்கள். நல்ல கேள்விதான். அதற்கு உலமாக்கள் விரிவாகவே விடை சொல்லியிருக்கிறார்கள். ஆனால், "இது மூச்சுக்கும் தோலுக்கும் ஆகுமா?" என்று ஒரு பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. மணம் இனிதாயிருந்தால் பொருளும் நல்லதாகவே இருக்கும் என்று நாம் முடிவு கட்டிவிடுவதே இதற்குக் காரணம். கொடுக்கல் வாங்கல் வழக்குகளில் பொதுவாக இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் ஓதுகிறோம். மணப்பொருள் விஷயத்திலோ மூக்கு என்னும் ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை எங்கள் ஊர் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் அருந்தியவர்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டும் 60 பேருக்கு மேல் மாண்டனர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் ஜனாஸா கிடக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவர்கள் அருந்தியதில் கலந்திருந்தது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இந்தத் திரவத்தை, மதுவில் உள்ள எத்தனாலிலிருந்து நிறத்தாலோ மணத்தாலோ பிரித்தறிய இயலாது. கல்லீரல் அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். அளவு மிஞ்சினால் உயிரையும் பறிக்கும்.

"குடித்தார்கள், மாண்டார்கள், குடியாத நமக்கென்ன?" என்று சொல்வாரும் உண்டு. அவர்கள் ரஷ்ய நாட்டின் இர்குட்ஸ்க் நகரத்துச் செய்தியையும் அறியவேண்டும். 2016 டிசம்பரில் அங்கே 70 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்கள் அருந்தியது மது என்று விற்கப்பட்ட பொருளன்று. குளிக்கும் நீரில் கலப்பதற்கென விற்கப்பட்ட மணநீர். மலிவாகக் கிடைத்ததால் ஏழைகள் அதனை மதுவுக்குப் பதிலாக அருந்தினர். அவர்கள் செய்தது தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். புட்டியின் மேல் எத்தனால் என்று அச்சிட்டிருக்க, உள்ளே இருந்தது மெத்தனால். குளியலுக்கென்றே அதனை நம்பி வாங்கியவர்களின் வீட்டிலும் அதே நஞ்சுதானே இருந்திருக்கும்!

குடிக்காமலும் பூசாமலும் வெறுமனே காற்றில் தெளித்ததால் நேர்ந்த கேடும் உண்டு. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நால்வருக்கு மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான நோய் கண்டது. அவர்களில் இருவர் இறந்தனர். ஒருவர் சின்னஞ்சிறு குழந்தை. இந்நோயின் கிருமி நம் தெற்காசிய நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழ்வது, அமெரிக்காவில் அரிது. நால்வரில் எவரும் வெளிநாடு சென்றவரல்லர். நெடுநாள் தேடியபின், அறையில் மணத்துக்காகத் தெளிக்கும் லாவெண்டர் நீர்ப் புட்டி ஒன்றில் அக்கிருமி அகப்பட்டது. அந்தப் புட்டி தயாரானது நம் இந்திய நாட்டில். அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ 3,900 புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. லாவெண்டரின் மணம் இனிமையாகவே இருந்தது. கிருமி இருப்பதை எந்த மூக்கும் சொல்லவில்லை.

இவை அரிதாக நிகழ்ந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்றாடம் நம் வீடுகளில் நிகழ்வதோ புகை. சாம்பிராணி, ஜாவாவிலும் சுமத்ராவிலும் வளரும் ஒருவகை மரத்தின் பால். அரபு வணிகர்கள் இதனை 'லுபான் ஜாவி' என்றார்கள். ஜாவா நாட்டுக் குங்கிலியம் என்பது பொருள். ஐரோப்பியர் நாவில் முதலசை தேய்ந்து அது 'பென்சாயின்' ஆயிற்று. அதிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். அவ்வமிலத்திலிருந்து 1830களில் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்ஷர்லிக் வடித்தெடுத்த திரவத்துக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டு, இன்று 'பென்சீன்' என வழங்குகிறது. பென்சீனும் ஒருவகை இனிய மணம் உடையதே. அது இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. நறுமணத்துக்கு அரபி தந்த பெயரை இன்று ஒரு நஞ்சு சுமந்து நிற்கிறது!

சாம்பிராணியோ ஊதுவத்தியோ கட்டையோ எதுவாயினும், எரியும்போது மிக நுண்ணிய கரித்துகள்களும், சிறிதளவு பென்சீனும், ஃபார்மால்டிஹைடும் வெளிப்படுகின்றன. மெத்தனால் அருந்தியவர் உடலில் உண்டாகும் அதே ஃபார்மால்டிஹைடுதான் இது. அளவில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒருநாள் புகைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சிங்கப்பூரில் 60,000க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல்லாண்டுகள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, நீண்டகாலம் ஊதுவத்திப் புகையில் வாழ்ந்தவர்களிடம் மூக்கு, தொண்டை முதலான மேல் மூச்சுப் பாதைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஓமான் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வு, பக்கூர் புகை ஆஸ்துமாவை உண்டாக்குவதாகக் காணவில்லை. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இளைப்பைத் தூண்டுவதாகவே கண்டது. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பக்கூரை ஏற்றிவைக்கும் தாய்மார்கள் இவ்விரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

எங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. கோமுகி ஆறு அங்கிருந்தே இறங்கி வருகிறது. அம்மலையின் சிற்றூர்களில் இன்றும் பல பெண்கள் விறகடுப்பின் முன் அமர்ந்தே சமைக்கிறார்கள். விறகும் வறட்டியும் எரித்துச் சமைப்பதால் வீட்டுக்குள் சேரும் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அந்தப் பெண்கள் வேறு வழியின்றிப் புகையை உண்கிறார்கள். நாமோ எரிவாயு அடுப்பை வாங்கி அந்தப் புகையை வெளியே விரட்டிவிட்டு, சன்னலைச் சாத்தி, விசிறியையும் நிறுத்திவிட்டு, வேறொரு புகையைக் காசு கொடுத்து உள்ளே அழைக்கிறோம். விறகுப் புகை கண்ணைக் கரித்து எச்சரிக்கும். மணப்புகை எச்சரிப்பதில்லை, இன்னும் சற்று நேரம் இருக்கச் சொல்கிறது.

என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டியவுடன் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டவேண்டும் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொன்னார்கள். அன்று பார்த்துச் செல்ல வந்த கிராம சுகாதாரச் செவிலியர், "வேண்டாம் பெரியம்மா, துண்டால் துவட்டி வெயில் படும் இடத்தில் வைத்திருந்தாலே போதும்" என்றார். "எங்கள் பிள்ளைகள் ஐவரும் இந்தப் புகையில்தானே வளர்ந்தார்கள்!" என்றார் என் மாமியார். செவிலியர் வாதாடவில்லை. "அப்போது ஓட்டு வீடு, பெரியம்மா. புகை மேலே போய்விடும். இது கான்கிரீட் அறை, எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்த்து, "பீரோவில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறீர்களா?" என்றார்.

அவர் கேட்டதன் காரணத்தைப் பின்னர் படித்தறிந்தேன். பாச்சை உருண்டை என்று நாம் வாங்கும் வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலின். சிலருடைய இரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். நம் நாட்டில் பல சமூகங்களிலும், பழங்குடி மக்களுள் சில பிரிவினரிடம் கூடுதலாகவும் இக்குறை காணப்படுகிறது. இத்தகைய குழந்தைக்கு நாப்தலின் ஏறிய துணியை உடுத்தினால், ஆவியாலும் தோல் வழியாகவும் அது உட்சென்று சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சள் காமாலை முற்றி மூளையையும் பாதிக்கக்கூடும். தாத்தா பாட்டி ஆசையாய் எடுத்துவைத்த பழைய துணி குழந்தைக்குக் கேடாகிவிடும் என்று யார் நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் அன்றே துணிகளைத் துவைத்து, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, பீரோவில் வேப்பிலைச் சருகை இட்டுவைத்தார்கள். சாம்பிராணியை என் மாமியார் விட்டுவிடவில்லை. குழந்தை இல்லாத கூடத்தில், வாசலும் சன்னலும் திறந்திருக்க, அஸருக்குப் பின் ஏற்றுவார். புகை அடங்கியபின் குழந்தையைத் தூக்கி வருவார்கள். இருவருக்கும் மனக்குறை இல்லை.

அத்தரைப் பற்றியும் ஒரு சொல். பூக்களை வடித்து அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதே பழைய முறை. சந்தனத்தின் விலை ஏறியபின், பல அத்தர்களில் திரவப் பாரஃபினும் வேறு கரைப்பான்களும் அதன் இடத்தைப் பிடித்தன. பூவின் இடத்தைச் செயற்கை மணங்கள் பிடித்தன. 'ஆல்கஹால் இல்லாதது' என்று அச்சிட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். அதில் இல்லாத ஒன்றை அச்சொல் சொல்கிறது. உள்ளே இருப்பவற்றைச் சொல்வதில்லை. புட்டியின் மேல் 'நறுமணம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே பத்துப் பொருளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். செண்டிலும் சோப்பிலும் நெடுநாள் கலந்துவந்த லிலியால் என்னும் செயற்கைப் பூமணத்தை, மகப்பேற்றுத் திறனைப் பாதிக்கும் என்று கண்டு, 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் தடை செய்தது. அதுவரை அது மணமாகவே எண்ணப்பட்டது.

ஆகவே சகோதர சகோதரிகளே, வாங்கும் பொருளைப் பற்றி ஆல்கஹால் கேள்வியோடு இன்னும் சிலவற்றையும் கேட்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? செய்தவர் பெயரும் நாளும் உண்டா? வீட்டில் பச்சிளங்குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இளைப்பு நோயாளியோ இருக்கிறார்களா? சன்னல் திறந்திருக்கிறதா? அத்தரைத் தோலில் பூசினால் தடிப்போ அரிப்போ காண்பவர், ஆடையின் ஓரத்தில் ஒரு துளி தொட்டுக்கொள்ளட்டும். கற்பூரத்தையும் செண்டையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்போம். சிறிதளவு கற்பூரத்தை விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். பள்ளிவாசலில் பக்கூர் ஏற்றும் முத்தவல்லிமார்கள், தொழுகைக்கு முன்னரே ஏற்றி, புகை வெளியேறியபின் மக்களை அமரச் செய்யலாம். இளைப்புள்ள முதியவர் கடைசி ஸஃப்பில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் நிலை வேண்டாம்.

தீங்கு நீக்கப்படவேண்டும் என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. மூக்கு நல்ல சாட்சிதான். அதனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதனோடு அறிவையும் இரண்டாம் சாட்சியாக அழைத்துக்கொண்டு, அதன்பின் அத்தர்ப் புட்டியைத் திறப்போமாக.