அறிக்கை வரும்வரை

2015 டிசம்பரில் குசல் பெரேரா இலங்கைக் கிரிக்கெட் அணியோடு நியூசிலாந்தில் இருந்தார். முதலாவது டெஸ்ட் தொடங்குமுன்பே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தின் தடயம் அவருடைய சிறுநீரில் இருப்பதாகக் கட்டாரிலுள்ள ஆய்வுகூடம் அறிக்கை தந்திருந்தது. சரிபார்க்கும் பி மாதிரியும் அதையே சொன்னது. நான்கு ஆண்டுத் தடை வரக்கூடிய குற்றச்சாட்டு அது.

அந்த நாள்களில் சட்டத்தரணியான என்னிடமும் ஒரு போதைப்பொருள் வழக்கு இருந்தது. முல்லைத்தீவுப் பொடியன், நல்ல கரப்பந்தாட்டக்காரன். அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஒரு வெள்ளைத் தூள் பொதி இருந்ததாகச் சொல்லி அவனைப் பிடித்திருந்தார்கள். ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ என்றால் நமது இலங்கைச் சட்டத்தில் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. அது ஹெரோயின்தானா என்று சொல்லவேண்டியது இரசாயனப் பகுப்பாய்வு. தவணைக்குத் தவணை அறிக்கை வரவில்லை, விளக்கமறியல் நீண்டது. “ஐயா, இவன்ர விளையாட்டு முடிஞ்சு போயிருமே” என்று தாய் அழுதார். கடைசியில் வந்த அறிக்கையில் ஹெரோயின் இல்லை. பிள்ளை வெளியே வந்தான். அவன் ஆடவேண்டிய போட்டிகள் முடிந்திருந்தன.

பெரேராவின் நிலைமை இன்னும் கடினம். ஊக்கமருந்து விதிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தாலே குற்றம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுகூடம் சரியாகவே செய்தது என்று எடுத்துக்கொள்வார்கள். பிழை என்று காட்டும் சுமை வீரரின் தோளில். அவருடைய தரப்பு மன்னிப்புக் கேட்டுத் தண்டனையைக் குறைக்கப் பார்க்கவில்லை, அறிக்கையையே எதிர்த்தது. அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆய்வுகூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 2016 மே 11 அன்று சர்வதேச கிரிக்கெட் பேரவை (ஐ.சி.சி.) குற்றச்சாட்டைக் கைவிட்டது. இடையில் அந்த ஆண்டின் இருபதுக்கு20 உலகக் கிண்ணம் அவரில்லாமலே நடந்து முடிந்தது.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. 2022 பெப்ரவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரின் பயணப்பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததை மொஸ்கோ விமான நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அரிசோனா வைத்தியர் கொடுத்த பரிந்துரை ரஷ்யாவில் செல்லவில்லை. தீர்ப்பு ஒன்பது ஆண்டுச் சிறை. டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் வீடு திரும்பினார்.

வன்னியிலிருந்து வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளே, பையை நீங்களே அடுக்குங்கள். வைத்தியர் தந்த மருந்தானாலும் போகும் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். குற்றச்சாட்டு வந்துவிட்டால், சட்டத்தரணியோடு பேசாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஆய்வறிக்கையின் முழு ஆவணங்களையும் முதல் நாளே கேளுங்கள்.