லங்காஸ்ரரில் ஒரு துவக்குப் பட்டறை

பிலடெல்பியா நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 70 மைல் சென்றால் லங்காஸ்ரர் என்னும் பழைய ஊர் வரும். 1777 ஆம் ஆண்டு செப்டெம்பர் 27 ஆம் திகதி, ஒரேயொரு நாள் மட்டும், ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராக இருந்த பெருமை இவ்வூருக்குண்டு. அதன் சுற்றுக் கிராமங்களில் மோட்டார் வண்டியை விலக்கி வாழும் ஆமிஷ் மக்கள் இன்றும் குதிரை வண்டிகளிற் செல்கின்றனர். கோவேறு கழுதைகள் ஏர் இழுக்கின்றன. எனினும் நாம் அங்கு சென்றது துவக்குச் செய்வதைக் காண்பதற்காகவே.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய கொல்லர்கள் தம் நாட்டுக் குறுகிய வேட்டைத் துப்பாக்கியை இம்மண்ணில் நீட்டி, நான்கடிக்குச் சற்றே குறைந்த குழலுடன், உள்ளே சுரிகள் வெட்டிச் சமைத்தனர். பிற்காலத்தார் அதற்குக் கென்டக்கித் துப்பாக்கி என்று பெயரிட்டனர். பிறந்த இடம் பென்சில்வேனியா. பெயர் போனது மட்டும் வேறொரு மாநிலத்துக்கு! லங்காஸ்ரரின் ஜேக்கப் டிக்கெர்ட் என்பவர் செய்தவை எல்லைப்புறக் குடிகளிடையே மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தன.

கிராமப் பாதையொன்றின் ஓரத்தில், களஞ்சியம் போன்ற ஒரு பட்டறையில், எழுபது வயது கடந்த கொல்லர் ஒருவரையும் அவருடைய பேரனையும் கண்டோம். பேரன் பதினாறு மாதம் உழைத்துத் தன் முதலாவது துவக்கை முடித்திருந்தான். இம்மாநிலத்தில் 1974 ஆம் ஆண்டு முதல் சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் துவக்குக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. இப்பொழுது அது நத்தாரின் பின் வருகிறது. அதற்கிடையில் துவக்கு ஒழுங்காக வெடிக்க வேண்டும் என்பது அவனுடைய கவலை. துவக்கோ வெடிக்க மறுத்தது.

வன்னியில் இடியன் துவக்கைக் கண்ட வாசகர்களுக்கு, குழலின் வாய்வழியே மருந்திட்டு, குண்டை வைத்து, கோலால் இடித்திறுக்கும் முறை புதிதன்று. இங்கே வேறுபாடு நெருப்பு மூட்டுவதில் இருக்கிறது. விசையை அழுத்தியதும், குதிரையின் வாயிற் கவ்விய கல் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி சிந்துகிறது. பொறி விழுவது குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில். அங்கே சிட்டிகையளவு நுண்மருந்து பற்றுகிறது. அந்த நெருப்பு குழலின் சுவரிலுள்ள ஒரு துளை வழியாக உள்ளிருக்கும் மருந்தை எட்ட வேண்டும். பற்றுவாய் எனப்படும் அத்துளையின் விட்டம் 1/16 அங்குலம் மாத்திரமே. பதினாறு மாத உழைப்பும் அந்தத் துளையில் வந்து நின்றது.

பேரன் எம்முன் சுட்டுக் காட்டினான். கிண்ணியிற் புஸ்ஸென்று பளிச்சிட்டது; வெண்புகை எழுந்தது; வெடியில்லை. பையன் அசையவில்லை. உள்ளே நெருப்புக் கனன்று கொண்டிருக்கக்கூடும் ஆதலால், குழலை இலக்கை நோக்கியபடியே வைத்து நெடுநேரம் காத்திருந்தான். பின்பு கம்பியாற் பற்றுவாயைக் குத்தி, புதுமருந்து இட்டுச் சுட்டான். இம்முறை 'புஸ்' என்றது. ஒரு கணம் கழிந்தது. அதன் பின்னரே 'டுமீல்' என்றது. அந்தக் கணத்திற் குறி தவறிவிடுகிறது. ஆரம்பத்தில் ஒளிர்ந்து பயனின்றிப் போகும் காரியத்தைக் கிண்ணியில் எழுந்த பளிச்சீடு என்று ஆங்கிலேயர் கூறுவதன் பொருள் எமக்கு அன்றுதான் தெளிவாயிற்று.

துளையைப் பெரிதாக்கினால் என்ன என்று பையன் துறப்பணத்தை எடுத்தான். கிழவர் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். பெரிய துளையால் வெடிவேகம் வெளியே சீறிப் போகும். குண்டின் வலிமை குன்றும். அருகில் நிற்பவரையும் சுடும். சுடச்சுட நெருப்பே துளையை அரித்துப் பெருப்பிக்குமாதலால், அக்காலத்தில் இங்கிலாந்தின் தேர்ந்த கொல்லர்கள் அதற்குத் தங்கத்தாலும் பிளாற்றினத்தாலும் உட்பூண் இட்டனர். குறைத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது.

கிழவர் கோணலை வேறிடத்திற் கண்டார். குழலை வெறுமையாக்கி, அடிமூடியைத் திருகிக் கழற்றி, ஒரு கம்பியைத் துளையில் நுழைத்துச் சுவரின் தடிப்பைக் காட்டினார்: கால் அங்குலத்துக்குச் சிறிது குறைவு. அந்த நீண்ட ஒடுங்கிய பாதையில் மருந்து அடைந்தால் அது திரிபோல மெல்ல எரியும். அடையாவிட்டால் நெருப்பு நடுவழியிலே தணியும். ஆகையால் துளையின் உட்புறத்தை மட்டும் கூம்புபோல அகழ வேண்டும். கூம்பு வடிவான சிறு வெட்டியைக் குழலுக்குள் வைத்து, அதன் காம்பைத் துளைவழியே வெளியே எடுத்து, அதைப் பற்றி மெல்ல மெல்லச் சுழற்றினார்கள். வெளிவாய் முன்போலவே 1/16 அங்குலம். உள்மருந்தோ இப்போது கிண்ணியின் நெருப்புக்கு ஏறக்குறைய அண்டைவீடு!

துளை கிண்ணியின் மேல்விளிம்புக்கு நேராக நிற்க வேண்டும், சற்றே கீழிறங்கினாலும் கெடும் என்பது பழைய கொல்லர் மரபு. அண்மைக் காலத்தில் நுண்ணிய மின்னணுக் கருவிகளால் நேரம் அளந்தோர், உயரத்தால் வரும் வேறுபாடு சிறிதே என்றும், கிண்ணி மருந்து துளைக்கு அருகில் இருப்பதே முக்கியம் என்றும் கண்டனர். இதைக் கேட்டதும் கிழவர் முகம் சுளித்தார். ஆயினும் பேரன் மருந்தைத் துளைப்பக்கமாகச் சாய்த்து வைத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மாலை வெயில் சோள வயலிற் சாயும் நேரத்தில் மறுபடி சுட்டான். 'புஸ்' என்ற ஒலியே கேட்கவில்லை. இரண்டும் ஒன்றாகி ஒரே வெடியாக அதிர்ந்தது. பத்து முறை சுட்டதில் ஒன்பது முறை அவ்வாறே. பத்தாவது முறை தவறியதற்குக் கல் மழுங்கியதே காரணம். கிண்ணியிலும் பொறி விழவில்லை.

கருமருந்தின் கரி இரும்பைத் தின்னுமாதலால் அன்றே கழுவ வேண்டுமாம். பையன் குழலுள் வெந்நீர் வார்த்து, துணி சுற்றிய கோலை ஓங்கி இறக்கினான். பற்றுவாய்க்கு எதிரே நாம் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய கரிய நீர், ஊசிபோற் பாய்ந்து எமது வெள்ளைச் சட்டையில் நேர்கோடொன்று கிழித்தது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.