ஒரே மூச்சில் சொல்லும் ஜெபம்

புதிய சுவாஹிலி ஜெபப்புத்தகத்தின் வரைவை அனுப்பி, முன்னுரை கேட்டிருக்கிறார்கள். திருத்தித் தரச் சொல்லவில்லை, முன்னுரை மட்டும். ஓய்வுபெற்ற குருவானவரான எனக்கு மரியாதை செய்கிறார்களாம். கணினி இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது என்று கடிதத்தில் பெருமை வேறு.

புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'அம்பாயே'.

சுருக்க ஜெபத்தின் கட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கடவுளை விளிப்போம், அவர் இன்னது செய்தவர் என்போம், பிறகுதான் கேட்போம். அந்த நடுப்பகுதியில்தான் பழைய புத்தகத்தை மொழிபெயர்த்த எங்கள் கைவேலை இருக்கிறது. 'உலியேஉம்பா' என்றால் 'படைத்தவராகிய நீர்'. முன்னிலை, இறந்தகாலம், இணைப்பு உருபான 'யே', வினை எல்லாம் ஒரே சொல்லுக்குள். இளையவர்கள் இதைப் பிட்டு, 'யே'யை முன்னால் ஒரு தனிச்சொல்லாக்கி, 'அம்பாயே உலிஉம்பா' என்று வைக்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. செய்தித்தாளில் அப்படித்தான் வருகிறது; இருக்கட்டும். செய்தித்தாளை யாரும் முழங்கால்படியிட்டுக் கூட்டமாகப் படிப்பதில்லை.

சுருக்க ஜெபத்தையாவது குருவானவர் தனியாகச் சொல்லிச் சமாளித்துவிடுவார். பாவ அறிக்கையில் என்ன செய்வது? 'துலியோயாதெண்டா', நாங்கள் செய்தவை, என்று சபை முழுவதும் ஒரே மூச்சில் சொல்லும். அங்கே அதே தனிச்சொல் 'அம்பாயோ' என்ற வடிவில் நுழைந்தால் முன்வரிசை அங்கே நிற்கும், பின்வரிசை ஓடும். அப்புறம் ஆமென் வரைக்கும் ஒன்று சேராது.

இந்த மூச்சுக் கணக்கை எனக்குக் காட்டியவர் மகிலா என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்து உபதேசியார் ஒருவர். ஆங்கிலம் அறியாதவர். நான் எழுதிக்கொண்டு போகும் ஒவ்வொரு வாக்கியத்தையும், தோட்டத்திலிருந்து திரும்பும் எழுத்தறியாப் பாட்டிகளுக்கு ஒரு தடவை வாசிப்பார். திருப்பிச் சொல்லச் சொல்வார். அவர்கள் மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் கோடு. கோடு பொருளின் நடுவே விழுந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "நீங்கள் எழுதியது வாசிக்கிறவனுக்கு ஐயா, இது சொல்லுகிறவளுக்கு" என்பார். இறையியல் படித்த எனக்குக் கோபம் வரும். மறுபடி எழுதுவேன். ஒரு பாவ அறிக்கைக்கு ஒரு மழைக்காலமே போயிற்று. பாட்டிகள் இரண்டாம் தடவை தடுமாறாமல் சொன்ன பிறகுதான் அவர் பென்சிலைக் காதில் செருகினார். அந்தச் சோதனை எந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பிலும் இல்லை.

எட்வர்ட் ஸ்டியரும் காதை நம்பியவர்தான். வழக்கறிஞராக இருந்தவர், 1864இல் சான்சிபாருக்கு வந்தார், பின்னாளில் பேராயரானார். அந்தத் தீவின் கற்றறிந்த முஸ்லிம்களிடம் கேட்டுக் கேட்டு மொழியைப் படித்தார். (புத்தகத்துக்கான 'கிதாபு', ஜெபத்துக்கான 'சாலா' இரண்டுமே அரபு கொடுத்த சொற்கள், எங்கள் புத்தகத்தின் பெயரே அவற்றால் ஆனது.) விடுதலையான அடிமைச் சிறுவர்களுக்கு அச்சுக்கோக்கக் கற்றுக்கொடுத்தார். 1870இல் வெளிவந்த அவருடைய சுவாஹிலிக் கையேட்டில் அந்த 'யே', 'யோ' எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அது சான்சிபார் வழக்கு; மொம்பாசாக்காரர்கள் அதை ஏற்க மனமில்லாமல் இருந்தார்கள். கடைசியில் 1928இல் மொம்பாசாவிலேயே கூடிய மாநாடு அதைத்தான் பொதுச் சுவாஹிலிக்கு அடிப்படையாக எடுத்தது. அந்த மனக்குறை எங்கள் கூட்டங்களில் தேநீர் வேளையில் இன்றும் தலைகாட்டும்.

சங்கீதங்களைப் பற்றிப் பேசவே பயமாக இருக்கிறது. சுவாஹிலியில் அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில். சங்கீதங்களைப் பாடும் ஆங்கில ராகமோ பெரும்பாலும் அரைவசனத்தைக் கடைசி அசையில் அழுத்தி இறக்கும். இந்த முரணை ஆற்றத்தான் நாங்கள் வசனத்தின் நடுவில் நிறுத்தக்குறி வைத்து, அதற்கு இருபுறமும் சொற்களை எடைபோட்டோம். புதிய வரைவில் பக்கம் மிச்சமாகும் என்று அந்தக் குறிகளை எடுத்துவிட்டார்கள். பாடகர் குழுத் தலைவர் எவரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

முன்னுரை எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. புத்தகமே கையில் இல்லாத ஒரு கிராமச் சபையில் இந்தப் பாவ அறிக்கையை வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன், அதன் பிறகு எழுதுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். அச்சகத்துக்குத் தேதி கொடுத்தாயிற்று என்கிறார்கள்.