தெரிந்தெடுத்தலும் விட்டுவிடுதலும்

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின், பங்கு இல்லத்துத் திண்ணைக்கு ஓய்வு கிடையாது. கல்லூரியில் இடம் கிடைக்காதவரின் வருத்தம் நாம் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகியது. அண்மைக் காலத்திலோ இரண்டு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டவரின் கலக்கத்தையும் கேட்கிறோம். ஒற்றைப் பாதையில் செல்பவன் நடந்துவிடுகிறான். முச்சந்தியில் நிற்பவனுக்கே தயக்கம்.

2022-ஆம் ஆண்டில், கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பெற்றோருடன் நம்மிடம் வந்தாள். தந்தை கடல்தொழில் செய்பவர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே பயின்றவள். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரியொன்றில் கணிதம், அருகிலிருந்த அரசுக் கல்லூரியில் இயற்பியல், கலந்தாய்வின் வழியே கோவைப் பக்கம் பொறியியல் என மூன்று இடங்கள் அவளுக்குக் கிடைத்திருந்தன. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

"செலவே இல்லாமல் இஞ்சினியர் ஆகலாம், சாமி. இவள் கணக்கு டீச்சராகத்தான் போவேன் என்கிறாள்" என்று தந்தை முறையிட்டார். தாய் வாய் திறக்கவில்லை. கணிதத்துக்குக் கட்டணம் செலுத்த அவருடைய கம்மல் அடகுக்குப் போயிருந்தது.

இத்தகைய நெருக்கடிக்குக் காலமும் ஒரு காரணம். கலைக் கல்லூரிகள் முன்னதாகவே கட்டணம் கேட்கின்றன. பொறியியல் கலந்தாய்வோ பின்னர் நடைபெறுகிறது. ஆகவே கையிலுள்ள இடத்தைப் பற்றிக்கொண்டே வரவிருக்கும் இடத்துக்குக் காத்திருக்க வேண்டியதாகிறது. மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும், மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாகாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்ததைப் பெற்றோர் பலர் அறியார். விலகுவது தாமதமாக ஆகத் திரும்பும் தொகை குறையும். அதுபோலவே, ஒரே கல்லூரியில் ஒரே பாடம் அரசு உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் நடைபெறலாம். கட்டணம் வெகுவாக வேறுபடும். எந்தப் பிரிவில் இடம் என்று கேளாமல் கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டுத் திரும்புவோர் உண்டு.

கணக்குகள் எல்லாம் பார்த்த பின்னும் மனம் தெளியாத வேளை வரும். பதினாறாம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் அதற்கொரு வழி காட்டினார்: முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால், அவருடைய நன்மையை மட்டும் கருதி என்ன கூறுவோம் என்று எண்ணிப் பார்த்து, அதையே நாமும் செய்வது. அம்மாணவியிடம் அவ்வாறே வினவினோம்.

சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தாள். "யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தை எடுத்துப் படிக்கிறாயோ, அதிலே சேர் என்பேன், சாமி" என்றாள். பிறகு, "ஆனால் அப்பாவுக்கும் மனம் ஒப்ப வேண்டும்" என்றாள்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் கிடைத்த இடம் வீணாகத்தானே போகும்?" என்று இறுதியில் கேட்டார். காலத்தே வேண்டாம் என்று தெரிவித்தால், காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்கு அது போய்ச்சேரும் என்றோம். "யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றார். மறுநாள் மகளை இணைய மையத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

பொறியியல் தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. இயந்திரங்களில் நாட்டமுள்ள மற்றொரு பிள்ளைக்கு அதுவே தக்க வழியாயிருந்திருக்கும். எல்லாருக்கும் பொதுவான நல்ல கல்லூரி என்று ஒன்றில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி என்பதே உண்டு.

அம்மாணவி கணிதம் பயின்று பட்டம் பெற்றாள். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் கிடைத்த 1,000 ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உதவியது. கடினமான தாள்களும் இருந்தன. ஒன்றில் தோற்று, மறுமுறை எழுதித் தேறினாள். தெரிந்தெடுத்த நாளிலேயே எந்த முடிவும் சரியானதாகிவிடுவதில்லை. பின்வரும் நாள்களின் உழைப்பே அதனைச் சரியாக்குகிறது.

மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: ஒன்றை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் விரைந்து விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு வாரம் வீணே பற்றிக்கொண்டிருக்கும் இடத்துக்காக, ஏதோ ஓர் ஊரில் ஒரு வீடு உறங்காமல் காத்திருக்கிறது.