கொட்டான் ஏந்திக் கோயிலுக்கு

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வடக்கு நோக்கி, இரு கரங்களுடன் வீற்றருளும் கற்பக விநாயகரைத் தரிசித்து வெளியே வந்தோம். வரிசையில் நின்ற அன்பர் பலரின் கைகளில் நெகிழிப் பைகள். அவற்றினுள் அருகம்புல் புழுங்கி வாடியிருந்தது. எம் கையிலும் அத்தகைய பையே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

குன்றக்குடி முருகனையும் வணங்கிக் காரைக்குடியை அடைந்தோம். அங்கே பெண்கள் கூடியமர்ந்து பனையோலைக் கொட்டான் முடையும் கூடம் ஒன்றைக் கண்டோம். அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமைந்த சிறு கூடையே கொட்டான். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கினை நீக்கி, ஒரே அகலத்தில் நறுக்குகிறார்கள். சிலவற்றைக் கொதிக்கும் சாயநீரில் இட்டு எடுக்கிறார்கள். பின்பு விரல்களே தறி!

நகரத்தார் இல்லத் திருமணங்களில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொட்டானில் வைத்து வழங்குவது வழக்கம். ஆச்சிமார் அதற்கு மணிகளும் வண்ண நூலும் கோத்து அழகு செய்தனர். எவர்சில்வரும் நெகிழியும் வந்தபின் அக்கலை மறையும் நிலைக்கு வந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை இவ்வட்டாரப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து அதனை மீட்டெடுத்தது.

“கை இருக்கிறது அம்மா, ஓலைதான் அரிதாகிறது” என்றார் ஒரு மூதாட்டி. தமிழகத்தின் மாநில மரமான பனை, செங்கற்சூளைக்கு விறகாகிறது. ஓலை எடுப்பதிலும் அளவு வேண்டும். பனைக்கு உள்ளது ஒரே குருத்து. அது அழிந்தால் மரமே பட்டுவிடும்.

தில்லையில் மூவர் தேவாரத்தைக் காத்து வைத்திருந்தது ஓலைச்சுவடியே. செய்யாற்றின் கரையிலுள்ள திருவோத்தூரில் பனையே தலமரம். இறைவன் புகழைச் சுமந்த ஓலை, அவனுக்குரிய மலரையும் சுமக்கட்டுமே!

ஒரு கொட்டான் வாங்கி வந்தோம். மறு சங்கடஹர சதுர்த்தியன்று அதில் எடுத்துச் சென்ற அருகம்புல் சந்நிதியை அடையும்வரை வாடவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பரணிலும் பாட்டியார் காலத்துக் கொட்டான் ஒன்று இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். அடுத்த முறை கோயிலுக்குச் செல்லும்போது அதைப் பேரக்குழந்தையின் கையில் கொடுங்கள்.